பிரிவும் சேர்வும்: நோயுற்ற பச்சிளங்குழந்தையும் பெற்றோரும் – திருக்கோவிலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பிறந்து 28 நாட்களுக்குள் உயிருக்குப் போராடும் குழந்தையைப் பேணிய பெற்றோரின் அனுபவம் வரலாற்றெழுதியலில் அரிதாகவே இடம்பெற்றுள்ளது. இறப்பு விகிதமும் கருவிகளும் அரசுத் திட்டங்களும் எழுதப்பட்ட அளவிற்குப் பெற்றோர் எழுதப்படவில்லை. திருக்கோவிலூர் வட்டாரத்தின் கல்வெட்டு, இலக்கியச் சான்று, பெயரிடு மரபு, வீட்டு மருத்துவம், பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பொதுச் சுகாதார வரலாறு ஆகியவற்றைக் கொண்டு, குழந்தையைக் காக்கும் பொருட்டுத் தாயைப் பிரித்ததும் பின்னர் அவளை மீண்டும் உள்ளே அழைத்ததும் எவ்வாறு நிகழ்ந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வழைப்புப் பெரும்பாலும் பற்றாக்குறையிலிருந்தே பிறந்தது. தாயின் உழைப்பை ஏற்றுக்கொண்ட அளவிற்கு அவளது உணவையும் தங்கலையும் அது கணக்கில் கொள்ளவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: பச்சிளங்குழந்தை, திருக்கோவிலூர், கீழையூர்க் கல்வெட்டு, பெயரிடு மரபு, பாலாடை, கங்காரு தாய் பராமரிப்பு, கல்வராயன் மலை.

முன்னுரை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் ஆயிரம் பிறப்புகளுக்குக் குழந்தை இறப்பு 18.6 என்றும், அவற்றுள் முதல் 28 நாட்களுக்குள் நிகழ்பவை 12.7 என்றும் கணக்கிடுகிறது. ஓராண்டுக்குள் இறக்கும் மூன்று குழந்தைகளில் ஏறக்குறைய இரண்டு முதல் மாதத்திலேயே இறக்கின்றன என்பது இதன் பொருள். மருத்துவமனைப் பிறப்பு 99.6 விழுக்காட்டை எட்டிவிட்ட மாநிலம் இது. எனவே, இன்றைய பச்சிளங்குழந்தை இறப்பு பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் நிகழ்வதன்று. மருத்துவமனையின் மூடிய கதவுக்கு உள்ளே நிகழ்வது. கதவுக்கு வெளியே நிற்பவர் யார், அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை இவ்வெண்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அவற்றுக்கு இல்லை. அக்கடமை வரலாற்று மாணவருடையது.

2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. தென்பெண்ணையின் தென்கரையிலுள்ள திருக்கோவிலூரும் மேற்கே கல்வராயன் மலையும் இம்மாவட்டத்துள் அடங்கும். ஆற்றங்கரை நெல்லும் கரும்பும் ஒருபுறம். மலையாளிப் பழங்குடியினரின் மலையூர்கள் மறுபுறம். இவ்விரு நிலங்களிலும் நோயுற்ற குழந்தையோடு வெளியேறும் பெற்றோர் ஒரே கதவின் முன் வந்து நிற்கின்றனர். களமாக இவ்வட்டாரத்தைக் கொண்டதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், தாய்க்கும் பால்குடி மகவுக்கும் இடையிலான பிரிவைக் கல்லில் பொறித்து வைத்த ஊர் திருக்கோவிலூர் என்பது.

கீழையூர்க் கல்வெட்டும் பெயரற்ற மகவும்

திருக்கோவிலூர்க் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. கபிலர் பாரியின் மகளை மலையமான் குடியினர்க்கு அளித்துவிட்டு உயிர்நீத்த செய்தியைக் கூறுவதால் இலக்கிய வரலாற்றாசிரியர்களிடையே அது பெரிதும் அறியப்பட்டது. இராசராசனின் தாய் வானவன் மாதேவியையும் அது புகழ்கிறது. மலையமான் குடியில் பிறந்த அவ்வரசி, கணவன் சுந்தர சோழன் இறந்தபோது, முலையுண்ணும் மகவைப் பிரிந்து தீயினுள் புகுந்தாள் என்பது அதன் செய்தி. கணவனைப் பிரியாமையே அங்குப் பாட்டின் பொருள். மகவைப் பிரிந்தமை அப்பிரியாமையின் அருமையை உயர்த்திக் காட்டும் அளவுகோல். மகவின் பெயர் அங்கு இல்லை. அதற்குப் பின்னர்ப் பாலூட்டியவர் எவர் என்ற செய்தியும் இல்லை.

சோழ அரண்மனையில் செவிலிக்குப் பஞ்சமிருந்திராது. ஆயினும் பத்து நூற்றாண்டுகளுக்குப் பின் அக்கல்லை வாசிப்பவருக்கு எழும் முதல் வினா அக்குழந்தையைப் பற்றியதே. இக்கல்வெட்டை உடன்கட்டை வழக்கத்திற்கான சான்றாகப் பலரும் எடுத்தாண்டுள்ளனர். பால்குடி மகவின் வரலாற்றிற்கான சான்றாகவும் அதனைக் கொள்ளலாம் என்பதே இங்கு முன்வைக்கப்படுவது. புகழ்மொழியை எழுதியவர் மகவைக் குறிப்பிடாமலே விட்டிருக்கலாம், விடவில்லை. அப்பிரிவு கேட்போர் நெஞ்சைத் தைக்கும் என்று அவர் அறிந்திருந்தார்.

மலையமான் குடியோடு தொடர்புடைய பழைய சான்று ஒன்று இதற்கு நேர்மாறானது. கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்காலில் இடவிருந்தபோது கோவூர்கிழார் பாடி அவர்களைக் காத்தார் எனப் புறநானூற்று 46ஆம் பாடலின் குறிப்பு கூறும். யானையைக் கண்ட வியப்பில் தம் அழுகையை மறந்து நிற்கும் சிறுவர்களை அப்பாடல் காட்டுகிறது. அவர்கள் பச்சிளங்குழந்தைகள் அல்லர். எனினும், பெற்றவர் அருகில் இல்லாத நேரத்தில் குழந்தைக்காகப் பிறர் பேச வேண்டிவந்த நிலை இவ்வூர் மரபில் ஆழப் பதிந்துள்ளது. பாரி மகளிர்க்குக் கபிலர் தந்தையாக நின்றதும் அவ்வகையினதே.

பச்சிளங்குழந்தையின் சாவைப் பற்றிப் பழந்தமிழ் இலக்கியம் மிகக் குறைவாகவே பேசுகிறது. இறந்து பிறந்த குழந்தையையும் தசைப்பிண்டத்தையும்கூட வாளால் வெட்டிப் புதைக்கும் மறக்குடி வழக்கத்தைச் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடல் (புறநானூறு 74) சுட்டுகிறது. பெற்றவளின் துயர் அங்குப் பொருளன்று. நற்றிணை 370ஆம் பாடல் நெய்யும் ஐயவியும் பூசிக் கிடக்கும் ஈன்றணிமைத் தாயைக் காட்டுகிறது. அங்குக் குழந்தை நலமாக உள்ளது. பிற்காலப் பிள்ளைத்தமிழோ மூன்றாம் திங்களின் காப்புப் பருவத்தில்தான் தொடங்குகிறது. மூன்று முதல் இருபத்தொரு திங்கள் வரை என்பது பாட்டியல் வகுத்த எல்லை. முதலிரு திங்கள்கள் ஏன் விடப்பட்டன என்பதற்குத் தலை நிற்றல், முகம் பார்த்தல் முதலிய வளர்ச்சிக் காரணங்கள் கூறப்படுவதுண்டு. உயிர் தங்குமோ தங்காதோ என்ற ஐயம் நீங்கிய பின்னரே பாடத் துணிந்தனர் என்று கொள்ளவும் இடமுண்டு. பாட்டு தொடங்குமிடத்தில் முதற்சொல் காப்பு என்றிருப்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

பெயர் என்னும் ஆவணம்

இலக்கியம் விட்ட இடத்தைப் பெயர்கள் நிரப்புகின்றன. குப்பன், குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள், மூக்கன் முதலிய பெயர்கள் இவ்வட்டாரத்தின் வாக்காளர் பட்டியல்களிலும் நிலப் பத்திரங்களிலும் நிறைந்து கிடந்தவை. முன்பு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் புதிதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பர். அல்லது அண்டை வீட்டுப் பெண் ஒரு படி தவிட்டுக்கு அதனை வாங்கிக்கொண்டு வளர்க்கத் திருப்பித் தருவாள். ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்துவர். வேண்டாத பிள்ளை, விற்ற பிள்ளை, பிறர் இட்ட பிச்சை என்று சாவுக்குப் போக்குக் காட்டுவதே இவற்றின் உட்பொருள்.

இச்சடங்கில் பெற்றவர் செய்வது என்ன? தம் உரிமையை ஊரறியத் துறக்கின்றனர். பிரிவைப் போலியாக நடித்து உண்மைப் பிரிவைத் தடுக்க முயல்கின்றனர். மருந்து கையில் இல்லாத காலத்தில் ஒரு தாயும் தந்தையும் செய்யக்கூடியதாக எஞ்சியிருந்த செயல் அது. இதனை அறியாமை என்று ஒதுக்கிய காலனிய இனவரைவியல் எழுத்துகளும், பழமையின் அறிவு என்று போற்றும் இன்றைய எழுத்துகளும் ஒருசேர இச்செயலின் துயரத்தைத் தவறவிட்டன எனலாம். ஒவ்வொரு குப்பனும் தனக்கு முன் இறந்தவர்களின் நினைவை வாழ்நாள் முழுதும் தன் பெயரில் சுமந்தான். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் இப்பெயர்கள் தலைமுறை தாண்டியும் வந்தன. ஆதலால் பெயர் ஒன்றைக் கொண்டே அவ்வீட்டில் சாவு நிகழ்ந்ததெனத் துணிதல் கூடாது. மொத்தமாக நோக்குகையில், பிறப்பு–இறப்புப் பதிவேடு நிலைபெறுவதற்கு முன்னரே மக்கள் தாமாக எழுதிய பதிவேடு இது.

இச்சாவுகள் ஏழை வீடுகளுக்கு மட்டும் உரியனவல்ல. கணித மேதை சீனிவாச இராமானுசனுக்குப் பின் அவர் தாய் கோமளத்தம்மாள் ஈன்ற மூன்று குழந்தைகள் 1889க்கும் 1890களின் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்து, ஓராண்டு நிறைவதற்குள் ஒவ்வொன்றாக இறந்தன. இராமானுசனின் வரலாறுகளில் இச்செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

ஒரே நோயாளியாகத் தாயும் சேயும்

பாலவாகடம் எனப்படும் சித்த மருத்துவக் குழந்தை நூல்கள் மாந்தம், கணம், தோடம் எனக் குழந்தை நோய்களை வகுத்துரைக்கின்றன. அவற்றில் இன்றைய ஆய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்று, பால்குடி மகவின் நோய்க்குத் தாயின் பாலையும் உணவையும் காரணமாகக் காணும் பார்வை. குழந்தைக்கு நோய் வந்தால் தாய் பத்தியம் இருப்பாள். மருந்தும் பல வேளைகளில் அவளுக்கே. வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் ஆகியவற்றைக் கல்லில் இழைத்து நாவில் தடவும் உரைமருந்து நேரே குழந்தைக்கானது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். குறைமாதக் குழந்தையைப் பஞ்சில் பொதிந்து வைப்பதும், உறிஞ்ச வலுவில்லாததற்குச் சங்கினால் பால் புகட்டுவதும் வீட்டுப் பெரியவளின் பொறுப்பு.

இம்மருத்துவத்தில் தாயும் சேயும் ஒரே நோயாளி. இதனை வியந்து நின்றுவிடுதல் ஆய்வாகாது. ஒரே நோயாளி என்னும் கருத்து ஒரே குற்றவாளி என்னும் கருத்தாகவும் எளிதில் மாறியது. உன் பால் கெட்டது, நீ பத்தியம் மீறினாய், உன் நிழல் பட்டது என்ற பழிச்சொற்கள் குழந்தையை இழந்தவள் மீதே விழுந்தன. உயிர்காக்கும் சீம்பாலைப் பீய்ச்சி வெளியே கொட்டும் வழக்கமும், பிறந்தவுடன் குளிப்பாட்டிக் குளிரச் செய்யும் வழக்கமும் இதே வீட்டு மரபில் அடங்கியவை.

சங்கின் கதை இதற்கு வேறுபட்டது. பாலடை என்றும் பாலாடை என்றும் வழங்கும் மூக்குடைய அச்சிறு கலம் இன்று உலகப் பச்சிளங்குழந்தை மருத்துவ நூல்களில் அதே பெயரில் இடம்பெறுகிறது. புட்டி, கிண்ணம், பாலாடை ஆகியவற்றை ஒப்பிட்ட இந்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. தமிழ் அடுக்களையிலிருந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் பெயர் மாறாமல் சென்ற பொருள் இதுவன்றி வேறொன்று உண்டா எனத் தெரிந்தவர்கள் கூறலாம்.

திருக்கருகாவூர்த் தலபுராணத்தையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். கருக்குலைந்த வேதிகையின் கருவை அம்மை குடத்திலிட்டுக் காத்து முழுமையாக்கிக் கொடுத்தாள் என்றும், பால் போதாதபோது காமதேனுவின் பால் கிடைத்தது என்றும் அக்கதை வழங்கும். அக்காலத்திலேயே அடைகாப்புக் கருவி இருந்தது என இதனைக் கொண்டு வாதிடுவோர் உளர், அது வரலாறாகாது. ஆனால் இக்கதை அச்சங்களை வரிசைப்படுத்தும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. முதலில் மூடிய வெப்பமான இடம், அடுத்துப் பால். குறைமாதக் குழந்தையை அருகிருந்து பார்த்தவர்களின் அறிவு அதில் உறைந்துள்ளது.

கண்ணாடிப் பெட்டி

1880இல் பாரிசு மகப்பேற்று மருத்துவமனையில் ஸ்டெஃபான் டார்னியே கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் மாதிரியில் குழந்தைக்கான அடைகாப்புப் பெட்டியை அமைக்கச் செய்தார். அவர் வழிவந்த பியேர் பூதன் 1900இல் வெளியிட்ட நூலில் ஓர் எச்சரிக்கையைப் பதிந்துள்ளார்: தன் குழந்தையின் தேவைகளைத் தானே நிறைவேற்ற விடாத தாய் விரைவில் அதன்மீது பற்றிழந்துவிடுகிறாள். அவ்வெச்சரிக்கை நெடுங்காலம் செவிமடுக்கப்படவில்லை. மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனி தீவில் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்து, நுழைவுச்சீட்டு விற்றுக் காட்சிப்படுத்தினார். அக்கட்டணத்தில்தான் சிகிச்சை நடந்தது; பல குழந்தைகள் பிழைத்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. பொழுதுபோக்க வந்தவர் குழந்தையைக் கண்டார். பெற்றவரும் கண்ணாடிக்கு இப்புறம் நின்றே கண்டார்.

தொற்றுக்கு அஞ்சிய இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனை இப்பிரிவை விதியாக்கியது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தாய்மாரைக் கைகழுவச் செய்து உள்ளே அனுமதித்துப் பார்த்தனர், தொற்று பெருகவில்லை. அம்முடிவு 1970இல் வெளியாயிற்று. எனினும் உலகின் வழக்கத்தை மாற்றியவை வறிய இடங்களே. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமையால் எட்கார் ரே குழந்தைகளைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டி வைத்தார். 1979இல் எஸ்தோனியத் தலைநகர் தாலினில் செவிலியர் போதாமையால் ஆதிக் லெவின் தாய்மாரைக் குழந்தைகளோடு தங்கவைத்தார். இங்கே பெட்டி இல்லை. அங்கே ஆள் இல்லை. இரண்டு இடத்திலும் தாய் அழைக்கப்பட்டது அவளுக்காக அன்று.

இவ்வழைப்பின் மருத்துவப் பயன் பின்னர் ஐயமற நிறுவப்பட்டது. கானா, இந்தியா, மலாவி, நைசீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 1.0 முதல் 1.799 கிலோ எடையில் பிறந்த 3,211 குழந்தைகளிடம் நிகழ்த்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்டவர்களுள் 28 நாட்களுக்குள் இறந்தவர் 12.0 விழுக்காடு; வழக்கப்படி உடல்நிலை சீரான பின்னர் வைக்கப்பட்டவர்களுள் 15.7 விழுக்காடு. தில்லி சப்தர்சங் மருத்துவமனை இதில் பங்கேற்றது. அவ்வாய்வுக்கெனத் தாயின் கட்டிலும் சேயின் கருவிகளும் ஒரே அறையில் இருக்கும்படி பிரிவையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது. கட்டடம் மாறினாலன்றி மருத்துவம் மாறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தென்னார்க்காட்டின் வழி

1890களில் தென்னார்க்காட்டுத் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆடவர் தம் மனைவியரின் பேறுகாலத் துன்பத்திற்குப் பெண் மருத்துவர் வேண்டிக் கதவைத் தட்டியதையும், மூன்று பெண்களும் இறந்ததையும் ஐடா ஸ்கடரின் வரலாறு கூறும். வேலூர் மருத்துவமனையின் தோற்றக் கதை இது. பரவலாக வழங்கும் வடிவில் அம்மூன்று பேற்றின் குழந்தைகள் என்னவாயினர் என்ற பேச்சே இல்லை. தாயின் சாவு பெரிதாக எண்ணப்பட்ட காலத்திலும் சேயின் சாவு இயல்பெனக் கொள்ளப்பட்டது.

திருக்கோவிலூருக்கு நவீன மருத்துவத்தைக் கொணர்ந்ததில் டேனிஷ் லுத்தரன் மிஷனின் மருத்துவமனைக்குப் பங்குண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டில் கால்கொண்டது அம்மிஷன். டென்மார்க்கின் தொடர்பு பிற்காலத்தில் முற்றிலும் வேறொரு வடிவில் திரும்பி வந்தது. 1981இல் டென்மார்க் அரசின் உதவி நிறுவனமான டானிடா சேலம், தென்னார்க்காடு ஆகிய இரு மாவட்டங்களில் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்தோறும் துணைச் சுகாதார நிலையங்கள் எழுந்தன. கிராமச் சுகாதாரச் செவிலியர் பயிற்சி பெற்றனர். கல்வராயன் மலை இவ்விரு மாவட்டங்களுக்கும் இடையே பகுக்கப்பட்டிருந்ததால் மலையின் இருபுறமும் திட்ட எல்லைக்குள் வந்தன. இன்றுள்ள தாய்–சேய் நலக் கட்டமைப்பின் அடித்தளம் இக்காலத்தது. மருத்துவமனை வரலாறு தலைநகரை மையமிட்டே எழுதப்படுவதால் இத்துணை நிலையங்கள் உரிய கவனம் பெறவில்லை.

அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் இன்னொரு வகைத் தலையீடு நிகழ்ந்தது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் தேவையை மறுக்கவியலாது. ஆனால் பச்சிளங்குழந்தை பற்றிய பொதுப்பேச்சில் ஊர்ப்புறப் பெற்றோர் பெரிதாகத் தோன்றியது அப்போதுதான், தோன்றியது ஐயத்திற்குரியவராக. அதே ஆண்டுகளில் அதே ஊர்களில் குறைமாதக் குழந்தையை இரவெல்லாம் மடியில் வைத்து வெம்மை காத்த தாய்மாரும் இருந்தனர். அவர்களைப் பற்றிக் கோப்பு எதுவும் திறக்கப்படவில்லை. கோப்புகளையே சான்றாகக் கொள்ளும் வரலாறு எந்தப் பெற்றோரை நினைவில் வைக்கும் என்பதற்கு இது போதிய விளக்கம்.

மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், இராணி பாங் இணையர் ஊர்ப்பெண்களுக்குப் பயிற்சியளித்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தைகளைக் காக்கலாம் எனக் காட்டினர். இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளிவந்த அவர்களது ஆய்வு கூறியது. தமிழ்நாடு சென்ற வழி வேறு. பேற்றை முழுதும் மருத்துவமனைக்குக் கொணர்ந்து, நோயுற்ற குழந்தையை மேலுள்ள நிலையங்களுக்கு அனுப்பும் வழி அது. எண்களின்படி அவ்வழி வென்றது. வென்ற வழிக்குரிய விலையைப் பெற்றோர் பயணத்தில் கொடுத்தனர்.

மலையிலிருந்து இறங்கும் பாதை

1976 வரை சாகிர்தார்களின் ஆட்சியிலிருந்த கல்வராயன் மலையில் சாலையும் மருத்துவமும் காலந்தாழ்ந்தே ஏறின. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் சாலையே இன்றும் உயிர்ச்சாலை. 2022 சனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரிக்கு முன்னர், மேல்சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி சிப்மர் எனப் பயணம் நீளும். 1.5 கிலோவுக்கும் குறைந்த குழந்தைக்கு வழியிலுள்ள குளிரே பகை. உடல்வெப்பம் 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமல் காப்பதற்கு மிக எளிய கருவி ஓர் ஆளின் மார்பு; தாய் அறுவைப் பேற்றில் கிடக்கையில் அது தந்தையின் மார்பாக, ஆயாவின் மார்பாக இருக்கலாம்.

இப்பயணத்தின் அமைப்பே தாயையும் சேயையும் இரண்டாக்குகிறது. தாய் பேறு நிகழ்ந்த மருத்துவமனையில் தையல் காயத்தோடு கிடப்பாள். சேய் வேறோர் ஊரில் கண்ணாடிப் பெட்டியில். இரண்டுக்கும் இடையே தந்தை பேருந்தில் அலைவார். கைப்பேசியில் எடுத்த படம் தாய்க்கு முதற்காட்சியாகும். கொஞ்சம் தேறி வந்து சேர்ந்தவளுக்கு உள்ளே காத்திருப்பது ஓய்வன்று. இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவு உட்பட, பால் பீய்ச்ச வேண்டும். குழந்தை வாய்வைக்காத மார்பில் பால் சுரக்கவைப்பது கடிது. மூக்கின் குழாய் வழியே ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர், அடுத்துப் பாலாடை, அதன் பின்னரே மார்பு. நாள்தோறும் காலையில் எடை. கரும்பை டன்னிலும் நெல்லை மூட்டையிலும் கணக்கிட்ட குடும்பம் கிராமில் மகிழவும் கிராமில் கலங்கவும் கற்றுக்கொள்கிறது. இருபது கிராம் ஏறிய நாள் நல்ல நாள்.

இவ்வுழைப்பை அரசு அறியாமலில்லை. கங்காரு தாய் பராமரிப்புக்கான நடுவணரசு வழிகாட்டுதல் 2014இலும், தில்லி இராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் அனுபவத்தை ஒட்டிய குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு வழிகாட்டுதல் 2017இலும் வெளிவந்தன. பின்னது, பெற்றோருக்கு முறையாகப் பயிற்சியளித்து அவர்களைப் பராமரிப்பில் பங்காளிகளாக்கக் கோருகிறது. இங்கு ஒரு முரண் உள்ளது. 2011 சூன் முதல் நாள் தொடங்கிய சனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் வழிகாட்டுதலில் தாய்க்கான இலவச உணவு இயல்பான பேற்றுக்கு 3 நாட்கள் வரை, அறுவைப் பேற்றுக்கு 7 நாட்கள் வரை என வரையறுக்கப்பட்டது. நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, ஊர்தி ஆகிய உரிமைகள் முதல் 30 நாட்களுக்கு வழங்கப்பட்டன. எட்டாம் நாள் முதல் அத்தாய் யார்? அவள் நோயாளி அல்லள், பணியாளரும் அல்லள். ஆனால் அவள் வராவிடில் சிகிச்சை நின்றுவிடும். மாநில மருத்துவமனைகள் பல இவ்விடைவெளியைத் தம் சமையற்கூடத்தால் நிரப்புகின்றன என்பது உண்மையே. விதி நாளெண்ணும் முறையில் அவள் பெற்றவளாகவே காணப்படுகிறாள், பேணுபவளாகக் காணப்படுவதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் தந்தைக்கோ எந்த விதியிலும் நாள் எண்ணப்படவில்லை.

பெட்டியிலுள்ள குழந்தையின் காலில் கட்டும் அட்டையில் அதற்குப் பெயரில்லை; இன்னாரின் குழந்தை எனத் தாயின் பெயரே எழுதப்படும். பெயர் சூட்டும் நாள் வரும்வரை, சில வீடுகளில் உயிர் உறுதிப்படும்வரை, பெயரைத் தள்ளிவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பிறப்பு–இறப்புப் பதிவுச் சட்டம் (1969) குழந்தையின் பெயரைப் பின்னர்ச் சேர்க்க இடமளிப்பதால், பதிவேட்டின் வெற்றிடமும் ஊர் வழக்கமும் இங்கு ஒத்துப்போகின்றன. அக்காலட்டையும், வெப்பம், எடை, பால் அளவு எனப் பிரிவில் மணிதோறும் நிரப்பும் தாளும் சேர்ந்தே பெற்றோரின் உழைப்புக்கு எஞ்சும் எழுத்துச்சான்று. தாய்ப்பால் 12 மில்லிலிட்டர் என்று நள்ளிரவு இரண்டு மணிக்கு நேராக எழுதப்பட்டிருந்தால், அந்நேரத்தில் ஒருத்தி விழித்திருந்தாள் என்பது அதன் பொருள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இத்தகைய ஆவணங்களைக் குறைந்தது 3 ஆண்டுகள் பேணுமாறே கோருகின்றன. மாவட்டம் புதியது, அதன் மருத்துவக் கல்லூரியும் புதியது. அடையாளங்களை நீக்கி இத்தாள்களை ஆவணக் காப்பகத்திற்கு மாற்றும் நடைமுறையை இப்போதே தொடங்கினால், முதல் குழந்தைகளின் தாள்களும் கிடைக்கும்.